ஒரே ஒரு தடவை தட்டினால் போதும்

காலை ஆறு மணிக்கு, மருத்துவப் பரிசோதனைக் கூடம் திறப்பதற்கு முன்பே, அங்கே கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர் பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டு, மெஷினை ஒரு முறை அணைத்து எழுப்பி, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஒன்பது மணிக்கு அதே கையால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு விநாடியில் வரவேண்டிய ரிப்போர்ட் பத்து நிமிடமாகியும் வரவில்லை. கவுண்டருக்கு முன்னால் நாற்பது பேர். அதில் ஒருவர் அவருடைய மாமியார்.

மாமியாரின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்ததன் முடிவு இன்றைக்கு. ஒரு வாரமாக வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமலே எல்லோரும் இளைத்துப்போயிருந்தார்கள். அந்த முடிவு இப்போது சர்வருக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே வரத்தான் வழியில்லை. மாமியாரோ பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இங்க கம்ப்யூட்டரெல்லாம் எங்க மாப்பிள்ளை பொறுப்புதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் பார்த்த பார்வையில் மாப்பிள்ளை பாதியாகக் குறுகிப்போனார்.

மேனேஜர் வந்தார். "அந்த அப்டேட்டைக் கழட்டிடுங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?"

"கழட்டினா பழைய ஓட்டை திரும்பத் திறந்துக்கும் சார். யார் வேணும்னாலும் உள்ள வந்து எல்லாரோட ரிப்போர்ட்டையும் பாக்கலாம்."

"இப்ப ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரங்களே பாக்க முடியலையே."

கழட்டிவிட சர்வர்காரருக்கே கை துறுதுறுத்தது. கழட்டினால் அரை மணியில் மாமியாரின் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். இருந்தும் பத்து நிமிடம் அவகாசம் கேட்டார். அதில் ஐந்து நிமிடம் திரையைப் பார்த்து முழித்ததிலேயே போயிற்று.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவரை மாமியார் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? நானும் ரொம்ப நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தக் கவுண்டர் பொண்ணு ஒவ்வொரு ஆளுக்கும் பத்துப் பதினஞ்சு தடவ மவுஸைத் தட்டுது. அத்தனை தடவ தட்டணுமா?"

சர்வர்காரர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். சர்வரில் காத்திருந்த தேடல்களின் வரிசையைப் பார்த்தார். ஒரே ஆளின் எண் இருபது தடவை. அடுத்த ஆள் பதினெட்டு தடவை. அணைத்து எழுப்பிய மெஷின் காலையில் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கிறது. முதல் சில தேடல்களுக்குக் கொஞ்சம் தாமதம். அதைப் பொறுக்காமல் ஆறு கவுண்டரிலும் தட்டு தட்டென்று தட்ட, ஒவ்வொரு தட்டும் புதுத் தேடலாகி வரிசையில் உட்கார்ந்துவிட்டது. அப்டேட் பாவம், வீண்பழி சுமந்திருக்கிறது.

"எல்லாரும் மவுஸ்ல இருந்து கையை எடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

ஆறு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர் தேங்கிக் கிடந்ததையெல்லாம் துடைத்தெறிந்தார். "இப்ப ஒவ்வொருத்தரா. ஒரே ஒரு தடவ." முதல் ரிப்போர்ட் வர எட்டு விநாடி. அடுத்தது ஐந்து. அப்புறம் பழையபடி இரண்டு. மேனேஜர், எல்லாம் தன் யோசனை மாதிரி தலையாட்டிக்கொண்டு போனார்.

மாமியாரின் தாள் வந்தபோது அதைப் படிக்க மாப்பிள்ளைக்குத் தைரியம் வரவில்லை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய், மடித்தபடியே லேப் டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சாதாரணக் கட்டிதாம்மா. கேன்சர் இல்லை. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க, போதும்."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

வெளியே வந்து பத்து எட்டு நடந்திருக்க மாட்டார்கள்.

"மாப்பிள்ளை, டாக்டரம்மா இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"இல்லைன்னுதான் சொன்னாங்க அத்தை."

வாசலில் மறுபடியும் கேட்டார். "நீங்க நல்லாத்தானே கேட்டீங்க?"

"நல்லாவே கேட்டேன். கேன்சர் இல்லை."

படியிறங்கும்போது ஒரு தடவை, வண்டியில் ஏறும்போது ஒரு தடவை. வீடு வந்து சேர்வதற்குள் பன்னிரண்டு தடவை கேட்டுவிட்டார். பன்னிரண்டு தடவையும் மாப்பிள்ளை, முதல் தடவை சொல்வது போலவே சொன்னார்.