இரண்டாம் நிமிடத்து முகடு

அத்தானின் சிறுநீரில் ஆர்சனிக் மூன்றாவது முறையும் ஏறியிருந்தது. முதல் வாரம் லிட்டருக்குத் தொண்ணூறு மைக்ரோகிராம், அடுத்த வாரம் இருநூற்றுப் பத்து, இந்த வாரம் நானூற்று முப்பது. அக்காவின் கணவர், கண்ணாடித் தொழிற்சாலையில் ஆர்சனிக் சேர்த்து உருக்கும் உலை முன்னால் பதினெட்டு வருஷம் நின்ற மனுஷன். உடம்பு முழுக்க விஷம் ஊறிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் வேலையை விட்டே நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் தொழிற்சாலை மருத்துவர். இன்று வியாழன்.

அவளுக்கு ஒன்று மட்டும் இடித்தது. முதல் எண் வந்த அன்றே அத்தானை உலையை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள். தள்ளி நிற்க நிற்க எண் ஏறுவானேன்?

அவள் வேலை பார்ப்பதும் இப்படிப்பட்ட நுண்ணளவுகளை அளக்கும் ஆய்வகத்தில்தான். ஆனால் சொந்தக்காரரின் சிறுநீர் மாதிரியைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் அத்தானின் மாதிரி அங்கே வந்து சேர்ந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கருவியை ஓட்டியவருக்கு எல்லாரும் வைத்த பெயர் 'சந்தேகம்'. கடிகாரம் மணி சொன்னாலும் இன்னொரு கடிகாரத்தைப் பார்க்கும் ஆள்.

"மூணு தடவையும் வெறும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல மட்டும்தான் போட்டிருக்காங்க. அது எல்லாத்தையும் எரிச்சுத் தலையை எண்ணும், நீ யாருன்னு கேக்காது. முன்னாடி ஒரு பிரிப்புக் குழாயை மாட்டிப் பாப்போம்" என்றார் அவர்.

குழாய் வழியே போனால் ஒரே ஆர்சனிக் அதனதன் வடிவத்துக்கு ஏற்ப வேறு வேறு நிமிடத்தில் வந்து சேரும். திரையில் கோடு தவழ்ந்தது. இரண்டாம் நிமிடத்தில் ஒரே ஒரு முகடு எழுந்தது, சும்மா இல்லை, கூரையைப் பிய்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை.

அவள் வெளியே ஓடி அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அத்தானுக்கு மீன் குடுத்தியா?"

"குடுக்காம? எப்பவும் குடுக்கறதுதான். நம்பர் ஏறுதுன்னு சொன்னதுலேர்ந்து ரெண்டு வேளையும் மீனும் எறாலும்தான். உடம்புல தெம்பு வேணாமாடி?"

அவளுக்குச் சிரிப்பதா, அக்காவைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மீனில் இருக்கும் ஆர்சனிக் இரண்டாம் நிமிடத்தில்தான் வரும்; அது பரம சாது. உடம்பில் ஒட்டாமல் வந்த வழியே போய்விடும். எண் ஏற ஏற அக்கா மீனைக் கூட்டியிருக்கிறாள், மீன் கூடக் கூட எண் ஏறியிருக்கிறது.

உள்ளே வந்து சொன்னாள். 'சந்தேகம்' மசியவில்லை.

"மீன் சாப்பிட்டவனுக்கு விஷம் ஏறாதா? நெசமான விஷத்துல ஒரு வகையும் இந்தக் குழாய்ல அதே ரெண்டாம் நிமிஷத்தை ஒட்டித்தான் வரும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா நின்னா என்ன பண்ணுவே?"

பயந்தாள், வெட்கமில்லாமல் பயந்தாள். ஆனால் அந்த மனுஷன் சொன்னது நியாயம்.

அவர் அந்தச் சிறுநீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டார். விஷமாயிருந்தால் அது உருமாறி எட்டாம் நிமிடத்துக்கு ஓடிப்போகும். மீன் சரக்கு அசையாது. மறுபடி ஓட்டினார்.

இரண்டாம் நிமிடத்தில் முகடு எழுந்தது, அதே உயரம். மூன்று, ஐந்து, ஏழு. எட்டாம் நிமிடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. 'சந்தேகம்' பத்து நிமிடம் வரை காத்திருந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்.

"அசையலம்மா" என்றார். "அறிக்கையில நானே கையெழுத்துப் போடறேன். நாலு நாள் மீன் இல்லாம இன்னொரு மாதிரி எடுக்கச் சொல்லு. அதுவரைக்கும் டாக்டர் அவரை நிறுத்த முடியாது."

அவள் திரும்ப அழைத்தபோது அக்காதான் எடுத்தாள். விஷமில்லை, எல்லாம் மீன், வேலை போகாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். போன் கை மாறி அத்தானின் குரல் வந்தது.

"என்னம்மா சொன்னே இவகிட்ட? மூணு வாரமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, இப்படித் தேம்பித் தேம்பி அழறா!"

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன் அத்தான்."

அவர் அக்காவை அருகில் கூப்பிட்டார்.

"ஸ்பீக்கர்ல போடறேன்" என்றார். "இன்னொரு தடவை சொல்லும்மா. ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கறோம்."