ஏழாம் எண் ரத்தம்

பதினேழு வருடங்களாக நான் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். சில ஆண்களுக்கு விந்தணு ஏன் பாதி வளர்ந்ததும் செத்துப்போகிறது? எந்த மரபணு கெட்டிருந்தால் இப்படி ஆகும் என்று தேடுவதுதான் என் பிழைப்பு. கல்யாணத்துக்குக்கூட நேரமில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன திங்கட்கிழமை வேறொரு நாட்டுக் குழு அதைக் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டது. மரபணுவின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"இத நாம பதினாலு வருஷம் முன்னாடியே பாத்துத் தூக்கிப் போட்டாச்சு. இவங்களுக்குப் புத்தி பேதலிச்சிருக்கு" என்று ஆய்வக உதவியாளரிடம் சொன்னேன்.

எங்கள் நோயாளிகள் ஆறு பேருக்கு அந்த மரபணு கெட்டிருந்தது உண்மை. ஆனால் ஒப்பிடுவதற்காக வைத்திருந்த நலமானவர்களிலும் ஒருவருக்கு அதே கோளாறு இருந்தது. நலமாக இருப்பவனுக்கும் அது இருந்தால், அது எப்படிக் காரணமாகும்? அந்த ஆறு பேரின் தாளிலும் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

உதவியாளர் என்னைவிடப் பிடிவாதக்காரி. "அந்த நலமானவர் யாரு மேடம்?" என்றாள். ரத்தம் வைத்த குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும்; கோளாறு இருந்த குழாயின் எண் ஏழு. அந்த ஏழு யார் என்று நான் அன்றைக்கும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. அவள் பழைய பதிவேட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஏழாம் வரி என் கையெழுத்தில் இருந்தது. தம்பி, வயது இருபத்திரண்டு, நலம்.

பிள்ளை பெற்ற ஆண்களின் ரத்தத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு பேர் தேவை, கிடைத்தவர்கள் பதினொருவர். நான் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க வந்த தம்பியைப் பிடித்து உட்காரவைத்து ஊசி குத்தினேன். மைதானமே கதியென்று கிடந்தவன், ஒரு நாள்கூடக் காய்ச்சலென்று படுத்ததில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

"உன் ஆராய்ச்சிக்கு ரத்தம் சிந்தினவன் நான். பரிசு வாங்குறப்ப மேடையில என்னையும் சொல்லணும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டுவான்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. விந்தணு இல்லை என்றார்கள். விதைப்பைக்குள் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம் என்று மூன்று முறை கீறித் தேடினார்கள். மூன்று முறையும் தைரியம் சொல்லி அனுப்பியது நான்தான். அவன் மரபணுவை மறுபடி சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை. என் கணக்கில் அவன் எப்போதோ தேறிவிட்ட ஆள். இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் எத்தனை முறை தேடினாலும் ஒன்றுகூடக் கிடைக்காது, கத்தி வைப்பதே வீண் என்கிறது அந்தக் கட்டுரை. நாலாவது அறுவைச் சிகிச்சைக்கு இந்த வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் தம்பியையும் அவன் மனைவியையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். அவள் மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா, இஞ்சி தின்ன கொரங்கு மாதிரி இருக்க?" என்றான் தம்பி.

மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி ஏழாம் வரியைப் பார்த்தான். "மொதத் தடவை அறுக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருக்க முடியுமா?"

"முடியும்டா. இந்தப் பதிவேட்டுலயேதான் இருந்துச்சு."

"இனிமே ஏதாவது வழி?"

"இல்லடா."

புது ரத்தத்தில் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும் என்றேன். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான். மேடையைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டில் புது வரியில் 'நோயாளி' என்று எழுதினேன்.

அவன் மனைவி கோப்பின் நாடாவை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி முடிச்சுப் போட்டாள்.

"வியாழக்கிழமைக்கு ஆபீஸ்ல லீவு சொல்லியிருக்கேன் அண்ணி. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடும்மா" என்றேன்.