பூட்டிக்கொண்ட வண்டி

முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஜெய்னுலாபுதீனுக்கு மதுரைப் பயணம் என்றாலே நடுக்கம். காரைக்குடியில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். கடை ஏணியிலிருந்து விழுந்ததில் வந்த வினை. மாதாமாதம் டாக்டரிடம் காட்டப் போய்வருவதற்குள் வீட்டிலிருந்த சின்னக் கார் அவரைப் பிழிந்து எடுத்துவிடும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடிப்பார். வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் மனைவி ராபியாவுக்கு அந்தச் சத்தம் தன் காதடியிலேயே கேட்பதுபோல இருக்கும்.

துபாயிலிருந்த அவள் தம்பி அஸ்பாக்தான் யோசனை சொன்னான். "புதுசா சின்ன வண்டி வாங்குற காசுக்கு, ஏற்கெனவே ஓடுன வெளிநாட்டு எஸ்யூவி ஒண்ணு வாங்கலாம்க்கா. சீட்டு சோபா மாதிரி இருக்கும். மச்சான் படுத்துக்கிட்டே வரலாம்."

இரண்டு வண்டிகள் பார்த்தார்கள். ஒன்றில் ஏறவே ஜெய்னுலாபுதீனால் முடியவில்லை. இன்னொன்று கல்லூரிச் சாலையைத் தாண்டுவதற்குள் கடகடவென்று ஆடியது. மூன்றாவதைத் தேவகோட்டை புரோக்கர் அய்யப்பன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். கறுப்பு நிறம், தோல் சீட்டு.

"உள்ள உக்காந்து கதவைச் சாத்துனா, வெளிய வேட்டுப் போட்டாலும் கேக்காது பாய். அம்புட்டுக் கனமான கண்ணாடி" என்றான்.

ராபியா ஓட்டினாள். அய்யப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்சீட்டைச் சாய்த்து, இடுப்பில் பெல்ட்டோடு ஜெய்னுலாபுதீன் படுத்தாற்போல இருந்தார். உள்ளே ஏதோ ஈரச்சாக்கு வாடை லேசாக அடித்தது. வாசனைத் திரவியத்தை அதற்கு மேல் தெளித்திருந்தார்கள். ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, "தெரியவே இல்ல ராபியா" என்று அவர் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ நாளாயிருந்தது. அந்தச் சிரிப்பில் அவள் வாடையை மறந்துவிட்டாள்.

அமராவதிபுதூரைத் தாண்டி, மேடுபள்ளத்தில் எப்படிப் போகிறதென்று பார்க்க ஒரு மண்சாலையில் திருப்பினாள். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்த திரை மினுக்கி அணைந்தது. வண்டி நின்றது.

"ஒண்ணுமில்லக்கா, பேட்டரியா இருக்கும்" என்று அய்யப்பன் இறங்கினான். எதையோ பிடித்து இழுக்க ஆள் வேண்டுமென்று கூப்பிட, ராபியாவும் இறங்கினாள். சாவியை இருக்கைகளுக்கு நடுவிலேயே விட்டிருந்தாள். வெக்கை உள்ளே போகாதிருக்கக் கதவைச் சாத்தினாள்.

டக்.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. பக்கக் கண்ணாடிகள் தாமாக மடங்கின.

அய்யப்பன் முதலில் சிரித்தான். "பாய், உள்ள இருந்து திறங்க" என்று சைகை காட்டினான். ஜெய்னுலாபுதீன் கைப்பிடியை இழுத்தார். திரும்பத் திரும்ப இழுத்தார். கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினார். எதுவும் அசையவில்லை. முன்னால் கிடந்த சாவியை எட்ட முயன்று, முதுகில் வலி வெட்ட, அப்படியே சாய்ந்தார். அவர் வாய் திறந்து கத்துவது தெரிந்தது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

சித்திரை வெயில். கறுப்பு வண்டி. ராபியா கதவில் கை வைத்தாள், சுட்டது.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமாகப் பேசினார்கள்.

"ராபியா, ஏசி நின்னுபோச்சு. மூச்சு முட்டுது."

"சட்டையக் கழட்டுங்க. இதோ வேற சாவி வருது" என்றாள். வேறு சாவி தேவகோட்டையில் இருந்தது. அய்யப்பன் அப்போதுதான் அதற்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

"கண்ணாடிய ஒடைங்க!" என்று அவனிடம் கத்தினாள்.

"அக்கா, வண்டி ஓனரோடது... செத்த பொறுங்க, வந்துருவாக."

அவள் ஒரு செம்பாறாங்கல்லைத் தூக்கி முன்கதவுக் கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி வெள்ளையாக விரிசல் விட்டதே தவிர விழவில்லை. பின்கதவில் அடித்தாள், கல் துள்ளி அவள் காலில் விழுந்தது. உள்ளே அவர் முகம் வேர்வையில் மின்னியது. போனில் மூச்சு மட்டும் கேட்டது.

"கண்ணு இருட்டுது புள்ள."

"தூங்கிராதீக! என்னைப் பாருங்க. என்னங்க? ஏன் பேச மாட்டேங்கிறீக?"

போன் அவர் கையிலிருந்து நழுவியது.

யா அல்லா என்று அலறிக்கொண்டு அவள் ஓடினாள். பக்கத்தில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் நூறு நாள் வேலைப் பெண்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "வண்டிக்குள்ள... எங்க வீட்டுக்காரரு..." என்று கையை நீட்டினாள். ஈஸ்வரி என்ற பெண் கடப்பாரையோடும் தண்ணீர்க் குடத்தோடும் கரையேறி ஓடி வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும்.

கடப்பாரையை ராபியாவே வாங்கினாள். அவர் தலைக்கு எதிர்ப்பக்கத்துக் கதவில், கூர்முனையால் ஓங்கிக் குத்தினாள். கண்ணாடி கற்கண்டாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து அனல் அவள் முகத்தில் அடித்தது.

"தூக்கி வெளிய இழுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"வேணாம்! முதுகு போயிரும்!"

சில்லு கையைக் கிழிக்க அவளே ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினாள். ஈஸ்வரி நீட்டிய குடத்தை அவர் தலையிலும் நெஞ்சிலும் கவிழ்த்தாள். அவர் அசையவில்லை. அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே சாவியை எடுத்து வெளியே எறிந்தாள். அய்யப்பன் அந்த ரிமோட் சாவிக்குள் மறைந்திருந்த சின்ன இரும்புச் சாவியை உருவினான். அவசரத்தில் முன்கதவுத் துவாரத்தில் நுழைக்கவே அவனால் முடியவில்லை. ஈஸ்வரி அவன் கையைப் பிடித்து நுழைத்தாள். முன்கதவு திறந்தது. பிறகுதான் பின்கதவும் வழிவிட்டது.

காற்று பட்டதும் ஜெய்னுலாபுதீன் இருமினார். ராபியா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அய்யப்பன் தரையில் உட்கார்ந்திருந்தான். "மழைத் தண்ணியில நின்ன வண்டியா இருக்குமோன்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சுக்கா" என்றான். "தண்ணி ஏறுனா ஒயரு கெட்டு இப்படித்தான் பூட்டிக்கிரும். ஓனரு இல்லைன்னாரு. நானும் மேல கேக்காம விட்டுட்டேன்."

அவர் பிழைத்தார். இரண்டு நாளில் வீடு திரும்பினார். அதன்பின் குளியலறைக் கதவைக்கூடத் தாழிட மாட்டார்.

ஆனாலும் மதுரைக்குப் போயாக வேண்டியிருந்தது. சில வாரம் கழித்து ஒக்கூரில் ஒருவர் புதிதாக வாங்கி, தானே ஓட்டிவந்த எஸ்யூவி விலைக்கு வந்தது. ராபியா மெக்கானிக்கைக் கூட்டிப்போனாள். மிதியடிகளைத் தூக்கி மோந்து பார்த்தாள். சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக்கறை இருக்கிறதா என்று தேடினாள். பிறகு தான் மட்டும் பின்சீட்டில் ஏறி, வெளியிலிருந்து பூட்டச் சொன்னாள். உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. நான்கு கதவையும் அப்படியே பார்த்தபின்தான் சரி என்றாள்.

முதல் பயணத்தன்று ஜெய்னுலாபுதீன் வாசலிலேயே வெகுநேரம் நின்றார். "கண்ணாடிய இறக்கியே வைக்கிறேன், வாங்க" என்றாள். பிறகுதான் ஏறினார். திருப்பத்தூர்வரை கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மேலூர் நெருங்கும்போது பின்னால் சத்தமில்லை. ராபியா கண்ணாடியில் பார்த்தாள். அனல் காற்றில் வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓரமாக நிறுத்தித் திரும்பி, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.