ரவூப் பேசிய வாக்கியம்

இந்த முறையும் மேலாளர் பதவி ஆஸ்மாவுக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருட உழைப்புக்கு மதிப்பு இவ்வளவுதானா என்று மனம் வெதும்பி, சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் ரயில் ஏறினாள்.

உட்கார்ந்ததும் கணவர் ரவூப் அழைத்தார். பக்கவாதம் வந்து ஏழு மாதமாக அவருக்குப் பேச்சில்லை. ஏதாவது வேண்டுமென்றால் இப்படி அழைத்துப் போனைத் தட்டுவார்.

"வந்துக்கிட்டே இருக்கேங்க," என்றாள்.

தட்டும் சத்தம் வரவில்லை. மறுமுனையில் மூச்சிரைத்தது. பிறகு, "ஆஸ்மா... பசிக்குது லா."

அவள் துள்ளி எழுந்துவிட்டாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க!"

"பசிக்குது. சீக்கிரம் வா."

அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனாலும் தினமும் வேலை முடிந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, உதட்டைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு சொல்லாகப் பழக்கியது அவள்தான். இது நான் செய்தது என்ற நினைப்பில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வேலை... என்னாச்சு?" என்று திக்கினார் ரவூப்.

"கெடைக்கல. அத விடுங்க, நீங்க பேசிக்கிட்டே இருங்க!"

தோ பாயோவில் இறங்கி ஓடியவள், பரோட்டா கடையில் நின்றாள். முன்பின் தெரியாத கடைக்காரரிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்துடுச்சுண்ணே! நான்தான் சொல்லிக்கொடுத்தேன்!"