கோக்-தாலா அனுபவத்தைக் கருத்தில் கொண்டு

மேலிடத்துக் கடிதத்தின் கடைசி வரியைத் தாஷ்தான்பெக் மிர்சாகுலோவிச் ஜோரோபாயெவ் இரண்டு தடவை படித்தார். புதிதாக வெளிவந்திருக்கும் இயங்குதளத்துக்கு அலுவலகக் கம்ப்யூட்டரை மாற்றுவதா வேண்டாமா என்பதை அந்தந்த மாவட்டப் பாசன இயக்குநரே முடிவு செய்து, வெள்ளிக்கிழமைக்குள், முடிவெடுத்தவர் பெயரோடு தெரிவிக்க வேண்டுமாம்.

மாற்று என்று எழுதியிருந்தால் மாற்றியிருப்பார். மாற்றாதே என்றிருந்தால் மாற்றாமல் இருந்திருப்பார். அதில் அவருக்கு நல்ல பழக்கமுண்டு. நீயே பார்த்துக்கொள் என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது? அதுவும் பெயரோடு.

கோக்-தாலா மாவட்டத்தின் பாசன இயக்குநர் நாற்காலிக்கு அவர் வந்ததே முடிவெடுக்காத திறமையால்தான். அவருடைய கடிதங்களில் காரியங்கள் தாமாகவே நடக்கும். கருதப்படும், பரிசீலிக்கப்படும், உரிய நேரத்தில் ஆவன செய்யப்படும். கருதியது யார், செய்யப்போவது யார் என்று தேடிப்போனால் ஆள் அகப்படமாட்டார். கால்வாய்க் கரையில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தால்கூட ‘மரம் சாய்ந்துள்ளதாக அறியப்படுகிறது’ என்றுதான் எழுதுவார், அந்த மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே.

கம்ப்யூட்டர் அவருடைய மேசையில் கடுதாசி அடிக்கும் சாதாரணக் கம்ப்யூட்டராக இருந்திருந்தால் இவ்வளவு கவலையில்லை. இது மதகு கம்ப்யூட்டர். மலையிலிருந்து இறங்கும் பெரிய கால்வாயில் எந்த மதகை எப்போது எவ்வளவு திறப்பது, எந்தக் கிராமத்துக்கு இன்று தண்ணீர் முறை என்று பார்த்து மோட்டாருக்குக் கட்டளை போடுவது அதுதான். அந்தப் புரோகிராமை ஷாய்லோபெக் என்ற பையன் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டு ரஷ்யாவுக்குப் போய்விட்டான். அங்கே டாக்ஸி ஓட்டுகிறான். இந்தத் திரையிலோ வசந்தகாலம் முழுக்க ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது: புதிய இயங்குதளம் தயார், இப்போதே மாற்றவா, பிறகு நினைவூட்டவா? தாஷ்தான்பெக் தினமும் காலையில் கைப்பட ‘பிறகு’ என்பதை அமுக்கிவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். அலுவலகத்தில் அவர் தவறாமல் செய்த ஒரே வேலை அது என்று கணக்காளர் கல்பூபு எஜே சொல்வதுண்டு. எஜே என்றால் இங்கே அக்கா. அவருக்கே அக்கா என்பதால் அவர் கேட்காததுபோல் இருந்துவிடுவார்.

ஷாய்லோபெக்கைப் போனில் பிடித்தார். புது சிஸ்டத்தில் உன் புரோகிராம் ஓடுமா என்று கேட்டார்.

“ஓடினாலும் ஓடும், பைகே.”

“ஓடலைன்னா?”

“ஓடலைன்னா நிக்கும்.”

பின்னாலிருந்து எவளோ ஒருத்தி இந்தத் திருப்பத்தை விட்டுட்டியே என்று ரஷ்ய மொழியில் அவனைத் திட்டுவது கேட்டது. இணைப்பு அறுந்தது. பைகே என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள் யாரும் உருப்படியாக ஒரு பதில் சொன்னதில்லை என்று தாஷ்தான்பெக்குக்குத் தோன்றியது.

மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஜூன் மாதம். வெங்காயம் தண்டு தடித்துக் கிழங்கு வைக்கிற நேரம். மதகு இரண்டு நாள் திறக்காமல் போனால் கடைமடைக் கிராமங்கள் அப்படியே வாடிவிடும். முன்னொரு தடவை அப்படி நடந்து, ஊர் மொத்தமும் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றது. அப்போதைய இயக்குநர் இப்போது ஏரிக்கரையில் அரசாங்க மீன்பண்ணையில் குஞ்சுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார். சரி, மாற்றாவிட்டால்? எங்கோ ஓர் அலுவலகத்தில் பழைய சிஸ்டத்துக்குள் திருடர்கள் இணையம் வழியாகப் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டு காசு கேட்டார்களாம். அந்த அலுவலகத்து இயக்குநர் என்ன ஆனார் என்று செய்தியில் சொல்லவில்லை. சொல்லாததுதான் தாஷ்தான்பெக்கை உலுக்கியது. மீன்பண்ணை என்றாலாவது தெரிந்த இடம்.

துணை இயக்குநர் ரிஸ்கெல்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“மாத்துறது நல்லதுதான் பைகே. மாத்தாம இருக்கிறதும் ஒரு விதத்துல நல்லதுதான்.”

“ரெண்டுல எதுடா?”

“நீங்க எது சொல்றீங்களோ, அது ரொம்ப நல்லது.”

தாஷ்தான்பெக்குக்கு அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்தப் பதில் அவருடையதுதான். மேலதிகாரிகளிடம் அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே வாக்கியத்தை இவன் பக்கத்தில் நின்று கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான்.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. தனியாக எடுத்தால்தானே முடிவு. கூடி எடுத்தால் அது சம்பிரதாயம். ஒரு கிடாவை வெட்டச் சொன்னார். மதகு கம்ப்யூட்டர் இருந்த அறையிலேயே விரிப்பு போடச் செய்தார். அதன் ஒயர்கள் சுவருக்குள் போவதால் கம்ப்யூட்டரை விருந்துக்குக் கொண்டுபோக வழியில்லை, விருந்துதான் கம்ப்யூட்டரிடம் வரவேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர் சாதிபால்தி அக்சகால் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். தண்ணீர்ச் சங்கத் தலைவர், இரண்டு கால்வாய்க் கண்காணிப்பாளர்கள், ரிஸ்கெல்டி, கல்பூபு எஜே. ரொட்டியைப் பிய்த்து வைத்தார்கள். பச்சைத் தேநீர் கிண்ணத்துக்குப் பாதியாக ஊற்றப்பட்டுச் சுற்றி வந்தது. வெந்த கறி வந்ததும் வயதுப்படி எலும்பு பங்கிடப்பட்டது. இடுப்பெலும்பு அக்சகாலுக்கு. அவர் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டி, பிறகு வாங்கிக்கொண்டார். எல்லாம் முறைப்படி நடந்தது.

அதே முறைப்படி, கையைத் துடைத்துக்கொண்டு, தாஷ்தான்பெக் விஷயத்துக்கு வந்தார். திரையில் கட்டம் காத்திருந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை, மாவட்டத்தின் நலனை முன்னிட்டு, சபையிலேயே மூத்தவர் கையால் தொடங்கிவைப்பதே பண்பாடு என்று அவர் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். அதில் ‘டிஜிட்டல் யுகம்’ நாலு இடத்தில் வந்தது. சுட்டெலியை, சுத்தமான கைக்குட்டையில் வைத்து, இரண்டு கையாலும் அக்சகாலிடம் நீட்டினார்.

அக்சகால் அதைப் பார்த்தார். இடுப்பெலும்பை வாங்கியவர் இதை வாங்கவில்லை. தனக்குப் படிப்பு கிடையாது, எழுத்தறிவித்தவர் பக்கத்தில் இருக்கையில் தான் தொடுவது அழகல்ல என்றார். தலைமையாசிரியர் கூசிப்போய், தண்ணீர் சம்பந்தப்பட்டதென்றால் தண்ணீர்ச் சங்கம்தான் என்றார். சங்கத் தலைவர் நெஞ்சில் கைவைத்து, எத்தனையோ கால்வாயில் கால் நனைத்தவர்கள் கண்காணிப்பாளர்கள் என்றார். கண்காணிப்பாளர்கள் ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டார்கள். மரியாதை ஒரு சுற்று வந்தது. கைக்குட்டை எல்லோர் மடியிலும் தங்கி, கொஞ்சம் கொழுப்புக் கறை பட்டு, கடைசியில் தாஷ்தான்பெக்கின் மடிக்கே திரும்பி வந்தது.

“வீட்டுக்காரன் தொடணும். அதான் முறை,” என்றார் அக்சகால். எல்லோருக்கும் அது உடனே முறையாகப் பட்டது.

அக்சகால் உள்ளங்கைகளை விரித்து, மாற்றினால் மாற்றியது நன்மையாகட்டும், மாற்றாவிட்டால் மாற்றாதது நன்மையாகட்டும் என்று வாழ்த்தி முகத்தைத் தடவிக்கொண்டார். எல்லோரும் தடவிக்கொண்டார்கள். மிச்சக் கறியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

தாஷ்தான்பெக் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு கிடா போனது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. விரல் ‘இப்போதே’ பக்கம் போனபோது வாசலில் மண்வெட்டிகள் தெரிந்தன. ‘பிறகு’ பக்கம் போனபோது முகமில்லாத திருடர்கள் தெரிந்தார்கள். நெஞ்சு படபடத்தது. தனக்கு மாரடைப்பு வந்தால் இயக்குநர் மருத்துவமனையில் உள்ளதால் முடிவு ஒத்திவைக்கப்படுகிறது என்று ரிஸ்கெல்டி எழுதலாமே என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. நாடி பார்த்தார். பாழாய்ப்போன நாடி ஒழுங்காக அடித்தது.

அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவி புருல்கான். விருந்து எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. அவள் காதுக்கு அதெல்லாம் முன்னமே வந்திருந்தது.

“ஏதோ மெஷினை மாத்தப் போறீங்களாமே?”

இன்னும் பரிசீலனையில் இருப்பதாக அவர் சொன்னார்.

“பரிசீலனை கிரிசீலனை எல்லாம் ஆபீஸ்ல வச்சுக்கங்க. என் தம்பி நிலம் கடைமடையில இருக்கு. வெங்காயம் போட்டிருக்கான். ஒரு நாள் தண்ணி நின்னுச்சுன்னு வைங்க, நீங்க வீட்டுக்கு வர வேண்டாம். அந்த மெஷின்கூடவே குடும்பம் நடத்துங்க.”

“திருடனுங்க உள்ள பூந்துட்டா என்ன பண்றது?”

“திருடன் என் தம்பியைவிட மோசமாவா கத்துவான்?”

போனை வைத்துவிட்டாள்.

தாஷ்தான்பெக் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். மச்சினன் கத்தும் குரலை அவர் பல கல்யாணங்களில் கேட்டிருக்கிறார். கடைமடையில் இருந்த மற்ற நிலங்களும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அங்கேயும் யாருக்கோ மச்சினன்கள் இருந்தார்கள். ஒரு தாளை எடுத்தார். ‘வெங்காய அறுவடை முடியும்வரை மாற்றம் தேவையில்லை எனக் கருதப்படுகிறது’ என்று எழுதினார். விரிப்பை மடித்துவைக்கத் திரும்பி வந்த கல்பூபு எஜே அவர் தோளுக்கு மேலாக அதைப் படித்தாள்.

“யார் கருதறதுன்னு கேட்டிருக்காங்களே, தம்பி.”

அவர் அதை அடித்தார். பேனா தாளில் ஒரு பொட்டு வைத்து நின்றது, மை ஊறிப் பெரிதாயிற்று. பிறகு ‘நான், தா. மி. ஜோரோபாயெவ், வேண்டாம் என்று முடிவு செய்கிறேன்’ என்று எழுதி, யாரோ தள்ளிவிட்டதுபோல் கையெழுத்துப் போட்டார். எஜே தாளை வாங்கிப் போய் அனுப்பிவிட்டு வந்தாள். அவர் மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டாள் என்பதே சரி.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து மாவட்டத்து இயக்குநர் எர்மெக்பாய் போன் செய்தார். உடல்நலம் விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார், மழையை விசாரித்தார்.

“ஆமா, அந்தக் கம்ப்யூட்டர் விஷயம். நீங்க என்ன போட்டீங்க, பைகே?”

“வேண்டாம்னு போட்டேன்.”

“நீங்களேவா?”

“நானேதான்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. யாரோ முதுகிலிருந்து மூட்டை இறக்கிய சத்தம். பத்து நிமிடத்தில் அடுத்த மாவட்டம் கூப்பிட்டது. அப்புறம் அதற்கடுத்தது. ஒவ்வொருவரும் பிள்ளைகளை விசாரித்து முடிக்க முடிக்கத் தாஷ்தான்பெக்குக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. மாகாணம் முழுக்க இயக்குநர்கள் ‘பிறகு’ என்பதில் விரலை வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் முதலில் நகரட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் என்ன எழுதப்போகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவராக இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. ‘கோக்-தாலா அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, இயக்குநர் தா. மி. ஜோரோபாயெவின் முடிவின்படி, மாகாணமெங்கும் புதிய இயங்குதளத்துக்கு மாறுவது இலையுதிர்காலம்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.’

அனுபவமாம். ஒரு கிடாவும் பெண்டாட்டியின் ஒரு போனும்தான் அந்த அனுபவம். இனி எந்த மாவட்டத்தில் எந்தத் திருடன் புகுந்தாலும், எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும், தாளில் ஒரே ஒரு பெயர்தான். ரிஸ்கெல்டி வாழ்த்துச் சொல்ல வந்தான். மாகாணத்துக்கே வழிகாட்டிவிட்டீர்கள் பைகே என்றான். தாஷ்தான்பெக் அவனை வெறித்துப் பார்த்தார். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

மாலையில் வீட்டுக்குப் போகும்போது காரைக் கால்வாய்ச் சாலை வழியாக விடச்சொன்னார். மதகு திறந்திருந்தது. பனிக்கட்டி உருகிய பழுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கடைமடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி நின்று பார்த்தார். ஓடுகிறது. இன்றைக்கு ஓடுகிறது.

பார்லி அறுத்துமுடித்த வயலோரத்தில் ஒரு விவசாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். மண்வெட்டியைக் கண்டதும் தாஷ்தான்பெக் ஓரடி பின்னால் வைத்தார். அவன் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுக் கிட்டே வந்தான்.

“டைரக்டர் பைகேதானே? நீங்க சொன்னதை மாகாணமே கேட்டுச்சாமே. ஒரு யோசனை சொல்லுங்க. இந்தத் துண்டுல ரெண்டாம் போகம் சோளம் போடவா, பாசிப்பயறு போடவா?”

‘அது பருவத்தையும் மண்ணையும் உரிய வகையில் ஆராய்ந்து...’ என்று அவருக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், உத்தரவுக்கு நிற்கிற மாதிரி.

“பாசிப்பயறு,” என்றார் தாஷ்தான்பெக்.

“அப்ப பயறுதான்,” என்று அவன் சந்தோஷமாகத் திரும்பி வயலுக்குள் இறங்கினான்.

தாஷ்தான்பெக் காரில் ஏறினார். பயறுக்கு இந்த வருடம் விலை கிடைக்குமா, ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டால் காய் வெடித்துவிடாதா, சோளம் என்று சொல்லியிருக்கலாமோ என்று வீடு வரும்வரைக்கும் அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.