மூன்றாம் வரிசை விளக்கு

பகல் பன்னிரண்டரைக்கு எங்கள் அலுவலகத்தில் விளக்குகள் அணையும். சோற்றுப்பெட்டியை மூடிவிட்டு எல்லோரும் மேசைமேல் தலை சாய்ப்போம். ஒன்றரைக்கு முதலில் விழிப்பவர் சுவிட்சைப் போடவேண்டும். தைவானின் தைச்சுங் நகரத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்தப் பழக்கத்தைக் கணக்கில் பிடிப்பதுதான் என் வேலை. ஆட்கள் எப்போது விளக்கைப் போடுவார்கள், எப்போது மறப்பார்கள் என்று கணினியில் ஒரு கணிப்பு மாதிரி செய்து, கட்டடத்தின் மின்செலவை முன்கூட்டியே சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது உண்மைக் கணக்கோடு பொருந்தாவிட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். பேறுகால விடுப்பு முடிந்து வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

மற்ற மாடிகள் எல்லாம் சொன்னபடி கேட்டன. எங்கள் மாடியின் மூன்றாம் வரிசை மட்டும் முரண்டு பிடித்தது. மூன்று மாதமாக அங்கே கணினிகள் ஒன்றரைக்கே ஓடுகின்றன. விளக்கு மட்டும் இரண்டுக்குமேல்தான் எரிகிறது.

அது நான் உட்காரும் வரிசை. என் ஏழு மாதப் பிள்ளை இரவெல்லாம் கத்துகிறான். மதியம் சாய்ந்தால் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிடுவேன். இரண்டு மணிக்குப் பதறி எழுந்தால் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். ஒருத்திக்கும் எழுப்ப மனமில்லை, மேலாளர் தெங்கிடம் மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று வயிறெரிவேன்.

சுவிட்ச் பழுதென்று முடிவுகட்டி, அதன் பக்கத்தில் உட்காரும் ஷியூ-லானிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று எகிறினேன். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள் அவள்.

"சுவிட்சுக்கு ஒரு கேடும் இல்ல. நீ புரண்டு எழுந்திரிக்கிற வரைக்கும் யாரும் போடுறதில்ல, அவ்வளவுதான். மொத நாள் நான் போடப் போனேன். தெங் சார்தான் வேணாம்னு சைகை காட்டினாரு. அன்னையிலேர்ந்து இருட்டுலதான் தட்டிக்கிட்டு இருக்கோம். கண்ணு போச்சுன்னா நீதான் கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்."

பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடாது என்பார்கள். நான் கண்ணை மூடியதற்கு ஒரு வரிசையே இருட்டில் உட்கார்ந்திருந்தது. மூன்று மாதமாக மனதுக்குள் வைதேனே என்று அழுகை வந்தது. அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். போய் வேலையைப் பார் என்று விரட்டினாள்.

'ஒருவர் எழும்வரை மற்றவர்கள் விளக்கைப் போடமாட்டார்கள்' என்று ஒரு விதியைச் சேர்த்தேன். மாதிரி அச்சாகப் பொருந்தியது. வியாழக்கிழமை அறிக்கையை தெங்கிடம் கொண்டுபோய், தூங்கியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அறிக்கையைப் புரட்டினார். ஒவ்வொரு விதிக்கும் எதிரே அது எதுவரை செல்லுபடியாகும் என்று எழுதவேண்டும். நான் சேர்த்த விதிக்கு எதிரே அந்த இடம் காலியாக இருந்தது. அவர் அதில் விரலை வைத்தார்.

"இது எதுவரைக்கும்னு எழுதலையே?"

இன்றோடு முடிந்ததென்று எழுதிவிடுகிறேன், இனி தூங்கமாட்டேன் என்றேன். அவர் பேனாவை எடுத்து, 'பிள்ளை இரவில் தூங்கத் தொடங்கும்வரை' என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.