குக்ஸ்ஹாஃபனில் கடல் இல்லை

குக்ஸ்ஹாஃபனில் ரயிலை விட்டு இறங்கி, புல் முளைத்த கரைமேல் ஏறி நின்றதும் வத்சலா கேட்டாள்: "கடல் எங்கங்க?"

சிதம்பரமும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். எல்பே ஆறு கடலில் கலக்கும் இடம் என்று வரைபடத்தில் நீலமாகப் போட்டிருந்தது. எதிரே அடிவானம் வரை சாம்பல் நிறச் சேறு. அதில் ஜெர்மன்காரர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வயலுக்கு மடை பார்க்கப் போகிறவர்கள் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தெட்டு தை மாதம் கல்யாணமாகி ஹாம்பர்க் வந்ததிலிருந்து வத்சலாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. குளிர், உருளைக்கிழங்கு, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கும் புருஷன். போன வாரம், "நான் நாகப்பட்டினத்துக்கே போயிடறேன்" என்றாள். சண்டை போடாமல் சொன்னதுதான் அவனைப் பயமுறுத்தியது. நாகப்பட்டினத்தில் இருப்பதில் இங்கேயும் இருப்பது என்ன என்று யோசித்து, கடலைக் காட்ட அழைத்து வந்திருந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த கிழவியிடம் விசாரித்துவிட்டு வந்தான். "லோ டைடாம், தண்ணி உள்வாங்கியிருக்காம். சாயங்காலம் வந்துடுமாம்."

"பஸ் மாதிரி சொல்றீங்க."

"நிலாவோட கிராவிட்டி இருக்கு பாரு..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். காமிராவை எடுத்து, "அப்படியே நில்லு, ஒரு போட்டோ" என்று அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சேற்றில் நடந்தான். கொஞ்சம் தள்ளிப் போனதும் முழங்கால் வரை புதைந்தான். அசைந்தான், இன்னும் இறங்கினான்.

"ஆடாதீங்க!" வத்சலா செருப்பை உதறிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். கால் வந்தது, ஷூ வரவில்லை. அடுத்த இழுப்பில் இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். காமிராவை மட்டும் அவன் உயரத் தூக்கிப் பிடித்திருந்தான்.

கிழவி பின்னலை வைத்துவிட்டுக் கை தட்டினாள். வத்சலாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று சிதம்பரத்துக்கு அதுவரை தெரியாது.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றான் சம்பந்தமில்லாமல். "கடலைக் கண்டாலே பயம்."

"அப்புறம் எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

சேறு வழியும் கையைப் பார்த்துக்கொண்டே, "நீ போயிடுவியோன்னு" என்றான்.

இருவரும் சேறு காயக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. பிறகு சத்தமே இல்லாமல், பள்ளம் பள்ளமாக நிரப்பிக்கொண்டு தண்ணீர் வந்தது. அவன் கால்களை மேலே இழுத்துக்கொண்டான். வத்சலா இறங்கிக் கணுக்கால் நனைய நின்று, திரும்பிக் கையை நீட்டினாள்.

"வாங்க. முட்டி வரைக்கும்தான்."

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு காலை வைத்தான்.